சிவப்பு மை

கதை படிக்க அமரும்போது கையில் பேனாவோடு அமர்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ நான் அறியேன், நான் அத்தகையவன். அதுவும் சிவப்பு மைப் பேனா. இரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் பெரும்பகுதியை ஸ்டேஷன் மாஸ்டராகக் கழித்தவனுக்கு அப்பழக்கம் வந்ததில் வியப்பில்லை. வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம், அடுத்த நிலையம் வழிவிட்ட நேரம் என ஒவ்வொன்றையும் பதிவேட்டில் நிமிடக் கணக்காக எழுதவேண்டும். எழுதியதை அழித்தல் கூடாது. தவறு நேர்ந்தால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கை, நான் ஓய்வு பெற்ற பின்னரும் ஓய்வு பெற மறுத்துவிட்டது.

"கதைதானே, அதில் போய்க் கணக்குப் பார்ப்பார்களா?" என்று என் மனைவி கேட்பாள். பார்க்கத்தான் செய்கிறார்கள். தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கதாசிரியர் தவறாக எழுதிவிட்டால், சோற்றில் கல் கடிபட்டது போலாகிவிடுகிறது. அதன் பிறகு அக்கதையின் தலைவி கண்ணீர் விட்டாலும் நமக்குக் கண்ணீர் வருவதில்லை. கல்லையே நாக்கு தேடிக்கொண்டிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் படித்த தொடர்கதை நினைவுக்கு வருகிறது. கதாநாயகன் எழும்பூரில் இரவு வண்டி ஏறுகிறான். கும்பகோணத்தில் காப்பி குடிக்கிறான். விடியற்காலையில் கொள்ளிடப் பாலத்தின் ஓசை கேட்டுக் கண்விழித்து, சன்னல் வழியே ஸ்ரீரங்கம் கோபுரத்தைக் கண்டு கைகூப்புகிறான். நான் பேனாவைத் திறந்தேன். கும்பகோணம் வழியாக வருகிற வண்டி பழைய மெயின் லைனில் மாயவரம், தஞ்சாவூர் என்று வந்து, திருவெறும்பூர், பொன்மலை கடந்து திருச்சி சந்திப்பை அடையும். அது ஸ்ரீரங்கத்தின் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. விருத்தாசலம், அரியலூர், இலால்குடி வழியாகக் கார்டு லைனில் வருகிற வண்டிதான் கொள்ளிடத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நின்று, பின் காவிரியைத் தாண்டி டவுன் ஸ்டேஷனுக்கு வரும். மெயின் லைன் வண்டியும் கொள்ளிடத்தைத் தாண்டுவது உண்மையே. ஆனால் அது சிதம்பரத்துக்குத் தெற்கே, நள்ளிரவுத் தூக்கத்தில்! இவ்வளவையும் ஒரு தபால் கார்டில் நுணுக்கி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. கதாநாயகனுக்குக் கலியாணம் நடந்து கதையும் முடிந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயங்கார். நான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பணியாற்றிய காலத்தில் நடைமேடையில் தொடங்கிய நட்பு. நாங்கள் இருவரும் கதைப் புத்தகங்களை மாற்றிக் கொள்வோம். அவர் தம் குறிப்புகளைப் பென்சிலால் எழுதுவார். நான் சிவப்பு மையால் எழுதுவேன். அவருக்கு வருகிற கோபம் என் கோபத்தைவிடப் பெரியது. ஒரு கதையில், அரங்கன் சந்நிதியில் அர்ச்சகர் திருநீறு கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். "ஓய், இவர் பெருமாள் கோயில் வாசலையாவது மிதித்திருப்பாரா? தீர்த்தம் உண்டு, துளசி உண்டு, சடாரி உண்டு. திருநீறு எங்கிருந்து வந்தது?" என்று இரண்டு நாள் பொருமினார்.

ஆனால் அவரைத் தீராத வேதனைக்கு உள்ளாக்குவது ராஜகோபுரம்தான். இன்று திருச்சிக்கு வருகிறவர் எவரும் முதலில் காண்பது பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்து நிற்கும் அக்கோபுரத்தையே. ஆகவே எழுதுகிறவர்கள், கதை எக்காலத்தில் நடந்தாலும் அதைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். நாயக்கர் காலத்துப் படைவீரன் அதைப் பார்க்கிறான். கிளைவின் சிப்பாய் பார்க்கிறான். சுதந்திரப் போராட்டத் தியாகியும் பார்க்கிறார். உண்மையில் அது பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த மொட்டைக் கோபுரம். அகோபில மடத்து 44-ஆம் பட்டம் அழகிய சிங்கர் முயற்சியால் 1979-இல் திருப்பணி தொடங்கி, 1987 மார்ச் 25-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் பிறந்த எங்களுக்கெல்லாம் அது மொட்டைக் கோபுரம்தான். "நம் இளமையையே திருத்தி எழுதிவிடுகிறார்கள், ஓய்" என்பார் நண்பர். அவர் கூறியதில் ஒரு நியாயம் உண்டு. சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' நூலை மட்டும் அவர் பென்சில் இல்லாமலே படித்தார். சுஜாதா அவ்வூரில் வளர்ந்து, நம் தூய வளனார் கல்லூரியில் பயின்றவர் அல்லவா!

நண்பர் என்னையும் விட்டுவைத்ததில்லை. வைகுண்ட ஏகாதசி மார்கழியில்தான் வரும் என்று நான் ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிட்டேன். பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் அது கார்த்திகையிலேயே கொண்டாடப்படும் என்றும், 2021-இல் டிசம்பர் 14-ஆம் நாள் சொர்க்கவாசல் திறந்தது அப்படித்தான் என்றும் எடுத்துக்காட்டி, என் வாயை அடைத்தார். அன்றைக்கே நான் பாடம் கற்றிருக்கலாம். கற்கவில்லை.

கதைகளிலும் திரைப்படங்களிலும் நம் திருச்சபை படும் பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பெரிய வெள்ளியன்று குருவானவர் பூசை வைக்கிறார். ஆண்டு முழுவதிலும் எந்தக் குருவானவரும் திருப்பலி நிறைவேற்றாத நாள் அது என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட கொலையைக் குருவானவர் காவல் ஆய்வாளரிடம் சாடையாகத் தெரிவிக்கிறார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 983-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தால், வார்த்தையாலோ வேறு எவ்வகையிலோ காட்டிக்கொடுத்தல் ஆகாது என்பது விளங்கும், சாடைக்கும் இடமில்லை. கலியாணக் காட்சிகளோ கேட்கவே வேண்டாம். மணமகள் வெள்ளை அங்கி அணிந்து நிற்பாள். மோதிரம் மட்டும் உண்டு. மந்திரித்த தாலியும் கூறைப் புடவையும் நம் ஊர்க் கத்தோலிக்கருக்கு உண்டென்பதே இவர்களுக்குத் தெரியாது. அப்போது குருவானவர், இத்திருமணத்திற்குத் தடை சொல்வார் உளரோ என்று வினவுவார். கோயிலின் கடைசி வாசலில் கதாநாயகன் தோன்றிக் கையை உயர்த்துவான்! அந்த வினா ஆங்கிலேயத் திருச்சபையின் வழிபாட்டு நூலைச் சேர்ந்தது. நம் வழக்கில், மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும்போதே தடை சொல்வார் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் எங்கே போயிருந்தான் அக்கதாநாயகன்?

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. சிரிக்க முடியாதவையும் உண்டு. 2003-இல் வெளிவந்த 'டா வின்சி கோட்' என்ற ஆங்கில நாவலின் முகப்பிலேயே, இதில் வரும் சில செய்திகள் மெய்யானவை என்று ஒரு பக்கம் அச்சிட்டிருந்தார்கள். 1099-இல் தோன்றியதாக அதில் கூறப்படும் இரகசியச் சங்கம் உண்மையில் 1956-இல் பிரான்சு நாட்டில் ஒருவர் பதிவு செய்த சிறு சங்கமே. துறவு மடங்களே இல்லாத ஓப்புஸ் தேயி அமைப்பைச் சேர்ந்த துறவியாக ஒரு கொலைகாரனையும் படைத்திருந்தார் ஆசிரியர். எங்கள் பங்கின் இளைஞர் சிலர் அதைப் படித்துவிட்டுக் கலங்கிப்போய் வந்து கேட்டார்கள். கதை என்று சொல்லிக் கதை விடுவது ஒன்று; மெய் என்று சொல்லிக் கதை விடுவது வேறொன்று. என் சிவப்புப் பேனாவுக்கு அன்று நல்ல வேலை இருந்தது. அதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

பெரிய எழுத்தாளர்கள் இவ்விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்த்தால் இரு வகையும் உண்டு. கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதுவதற்காக ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்கே போய்வந்தார். ஆர்தர் கானன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றைக் குதிரைப் பந்தயத்தை வைத்து 1892-இல் எழுதினார். பந்தயம் அறிந்தவர்கள் அதைப் படித்துவிட்டுக் கொதித்தார்கள்: அக்கதையில் வருகிறவர்களில் பாதிப்பேர் சிறைக்கும், மீதிப்பேர் பந்தயத் திடலுக்கு வெளியேயும் போகவேண்டியவர்கள் என்றார் ஒருவர். டாயில் மறுக்கவில்லை. 1924-இல் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் தம் அறியாமையை ஒப்புக்கொண்டார். ஆனால் கதையை மாற்றவில்லை. கதை இன்றும் நன்றாகவே ஓடுகிறது. சோழர் காலத்துச் சமையலறையில் மிளகாய் வறுபடும் நெடியை எழுதுகிற நம்மவர்கள் ஒருநாளாவது அப்படி ஒப்புக்கொண்டதுண்டா? போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய பின்னரே நமக்கு மிளகாய் கிடைத்தது; அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்குக் காரணம், அதைச் சொல்லத் தயக்கமாய் இருப்பதே.

எங்கள் தெருவில், நான்கு வீடு தள்ளி ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பாட்டியை நான் அக்கா என்று அழைப்பேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவருடைய பேத்தி ஒரு பள்ளியில் ஆசிரியை. ஞாயிறு மறைக்கல்வியும் நடத்துபவள். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பங்கில் விழா மலர் ஒன்று வெளியிட ஏற்பாடானபோது, அப்பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"தாத்தா, மலருக்காக ஒரு கதை எழுதியிருக்கிறேன். இரயில் வருகிறது. நீங்கள் பார்த்துக் கொடுத்தால் தைரியமாக அனுப்புவேன்" என்றாள்.

கதை 1956-ஆம் ஆண்டில் நடப்பது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, சென்னையிலிருந்து வரும் தன் அண்ணனை எதிர்நோக்கித் திருச்சி சந்திப்பில் காத்திருக்கிறாள். வண்டி வரவில்லை. நேரம் போகிறது. கூட்டம் கூடுகிறது. வண்டி ஆற்றில் விழுந்துவிட்டதென்று யாரோ சொல்கிறார்கள். மாலைவரை நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகக் கால் வராமல் அவள் கோயிலுக்குப் போகிறாள். அங்கே பூசை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை அழாதவள், எழுந்தேற்றத்தின் மணியோசை கேட்டதும் அழுகிறாள். அவ்வளவுதான் கதை.

அந்த விபத்து உண்மையாக நடந்தது. 1956 நவம்பர் 22-ஆம் நாள் இரவு எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மறுநாள் விடியுமுன் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியபோது, வெள்ளம் அரித்திருந்த பாதை சரிந்து, எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவ்வாண்டே மகபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த விலகலை ஏற்காத பிரதமர் நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. என் தந்தை பொன்மலைப் பணிமனைத் தொழிலாளி. மீட்பு வேலைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். சேறு காய்ந்து விறைத்துப்போன காக்கிச் சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. அதன்பின் மருதையாறு என்ற சொல் எங்கள் வீட்டில் எவர் வாயிலும் வந்ததில்லை.

அப்பெண் தன் கதையில் வண்டி கொள்ளிடத்தில் விழுந்ததாக எழுதியிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. கொள்ளிடம் பெரிய ஆறு. அதில் வண்டி விழுந்தால் எவரும் நம்புவர். மருதையாறு அப்படியன்று; ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அந்தச் சின்ன ஆறு ஒரே இரவில் அத்தனை உயிர்களைக் குடித்ததல்லவா கொடுமை! என் தந்தை எந்தச் சேற்றில் நின்றாரோ அந்தச் சேற்றை இவள் வேறோர் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டாளே என்று தோன்றியது. பேனாவை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. சன்னலில் தெரிந்த ராஜகோபுரத்தை அடித்தேன். பீடத்தின் பின்னே மக்களை நோக்கி நின்று குருவானவர் தமிழில் செபித்ததை அடித்தேன்: வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சட்டம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள்தான் வெளிவந்தது, 1956-இல் பூசை இலத்தீனில், குருவானவரின் முதுகு நம் பக்கம். டீசல் எஞ்சினை அடித்து நீராவி என்று எழுதினேன். இப்படிப் பதினொரு திருத்தங்கள். பதினோராவது, மாலைப் பூசை. "அக்காலத்தில் பூசை காலையில் மட்டுமே. நள்ளிரவிலிருந்து பட்டினி காத்துக் காலையில் நன்மை வாங்குவதே வழக்கம். மாலைப் பூசை கிடையாது. இக்காட்சி தவறு" என்று எழுதிக் கீழே இரு கோடுகள் இட்டேன்.

கதை எப்படி இருக்கிறதென்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை என்பதே உண்மை. வாங்கிக்கொண்டு, "நன்றி தாத்தா" என்றாள். விழா மலர் வந்தது. அதில் அவள் கதை இல்லை. அனுப்ப மறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். நாம் பிறருக்குச் செய்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எண்ணுவதில் நமக்குள்ள வேகம்தான் என்னே!

இரண்டு ஆண்டுகள் சென்று அக்கா இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து அவ்வீட்டில் அமர்ந்திருந்தபோது, அக்காவின் மகள் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"அம்மாவுக்கு ஒரு குறைதான், மாமா. அவங்க அண்ணன் கதையைப் பாப்பா எழுதினாளே, அதை அச்சில் பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க. அவள் வாசிச்சுக் காட்டினப்போ, அந்தப் பூசையில் மணி அடிச்ச இடம் வந்ததும் அம்மா அப்படியே கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மத்ததெல்லாம் பாப்பாவா எழுதினது. அந்தச் சாயங்காலப் பூசை மட்டும் அம்மா சொன்னது."

என் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. அக்காவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தெருவில் வாழ்ந்திருக்கிறோம்.

மறுநாள், ஓய்வில் இருக்கும் முதிய குருவானவர் ஒருவரைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியவர், புத்தகங்களுக்கு நடுவில் வாழ்பவர். நடந்ததைச் சொல்லி, "சாமி, 1956-இல் மாலைப் பூசை உண்டா, இல்லையா?" என்று கேட்டேன். உள்ளுக்குள், இல்லை என்று அவர் சொல்லவேண்டும் என்று ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதனின் மனம் அப்படி.

"உண்டே" என்றார் அவர். "பன்னிரண்டாம் பத்திநாதர் 1953 சனவரி 6-ஆம் நாள் கொடுத்த அனுமதி. ஆயர் ஒப்புதலோடு மாலை நான்கு மணிக்குப் பிறகு பூசை வைக்கலாம் என்று ஆயிற்று. நன்மை வாங்கும் முன் தண்ணீர் குடிக்கலாம் என்பதும் அப்போது வந்ததுதான். எல்லா இடத்திலும் எல்லா நாளும் நடக்கவில்லை. ஆனால் கிடையாது என்று சொல்லிவிட முடியாது. உமக்குப் பதினொரு வயது. உம்மை உம் அம்மா காலைப் பூசைக்குத்தானே எழுப்பியிருப்பார்?"

பின்பு அலமாரியிலிருந்து விவிலியத்தை எடுத்து, யூதித்து நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். "படித்துத் திருத்தும், ஐயா."

படித்தேன். நினிவே நகரிலிருந்து அசீரியரை ஆண்ட நெபுகத்னேசர் என்று அங்கே இருக்கிறது. நெபுகத்னேசர் பாபிலோன் மன்னன் என்பது நமக்குத் தெரியும். அவன் அரியணை ஏறியது கி.மு. 605-இல்; நினிவே நகரம் கி.மு. 612-லேயே வீழ்ந்துவிட்டது. பலமுறை படித்த நூல்தான். என் பேனா அங்கே ஒருமுறையும் திறந்ததில்லை!

"இதை முதலில் கேட்ட யூதர்களுக்கு இது தெரியாதா? எருசலேமை எரித்தவன் எந்த ஊர் அரசன் என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா? முதல் வரியிலேயே ஆசிரியர் கண்ணைச் சிமிட்டிவிட்டார்: இது வரலாற்று ஏடு அன்று, கதை என்று. விவிலிய அறிஞர் பலர் அப்படித்தான் கொள்கிறார்கள். ஒவ்வொரு நூலும் எந்த இலக்கிய வகையைச் சேர்ந்தது என்று பார்த்துப் படிக்கவேண்டும் என்று, அதே பன்னிரண்டாம் பத்திநாதர்தான் 1943-இல் எழுதினார்."

நான் விடவில்லை. "சாமி, அந்த ஆசிரியர் தெரிந்து மாற்றினார். இந்தப் பெண் தெரியாமல் எழுதினாள். இரண்டும் ஒன்றாகுமா?"

அவர் சற்று யோசித்தார். "ஆகாது. மருதையாறு மருதையாறாகத்தான் இருக்கவேண்டும். அங்கே இறந்தவர்களுக்கு அது கடன். அதை நீர் திருத்தியது சரி. நீராவியும் சரி, இலத்தீனும் சரி" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "பத்தையும் அவளிடம் நேரில் சொல்லியிருக்கலாம். பதினோராவதை அவள் பாட்டியிடம் கேட்டிருக்கலாம். நான்கு வீடுதானே?" என்றார்.

அன்று மாலை அந்த நான்கு வீட்டைக் கடக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. ஸ்ரீரங்கத்து நண்பரிடம் முன்னதாகத் தொலைபேசியில் சொன்னபோது, "போய்க் காலில் விழும், ஓய்" என்று சிரித்தார். பின்பு சிரிப்பு நின்று, "நானும் ஒரு பையனுக்கு இப்படிச் செய்திருக்கிறேன்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்பெண் பள்ளியிலிருந்து வந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் சிவப்பு மை! நான் நின்றபடியே சொன்னேன்: "அம்மா, அந்த மாலைப் பூசை நடந்திருக்கலாம். 1953-லேயே அனுமதி வந்துவிட்டதாம். நான் எழுதியது தவறு. உன் பாட்டி சொன்னதுதான் சரி."

அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தாள். என் திருத்தங்களில் பத்தையும் ஏற்று, அழகாகப் படியெடுத்திருந்தாள். மருதையாறு இருந்தது, நீராவி எஞ்சின் இருந்தது, கோபுரம் மொட்டையாக நின்றது. ஆனால் கதை நடைமேடையிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் இருந்த தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"அந்த இடம் இல்லாமல் எனக்கு முடிக்கத் தெரியவில்லை, தாத்தா. அதனால்தான் மலருக்குக் கொடுக்கவில்லை."

"பழைய தாள்?"

"இல்லை. எப்படி எழுதியிருந்தேன் என்பதும் இப்போது சரியாக நினைவில்லை. பாட்டியிடம் கேட்கலாம் என்றால்…" என்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? வண்டிப் பதிவேட்டில் அழிக்கக் கூடாது, கோடுதான் கிழிக்கலாம் என்ற விதி எவ்வளவு நல்ல விதி என்று அப்போது எனக்குப் பட்டது. கோட்டின் அடியில் பழைய எழுத்து இருக்கும்.

அடுக்களையிலிருந்து அவள் தாய் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கேட்பாரின்றித் தானாகவே சொல்லத் தொடங்கினாள். அக்கா அன்று வீட்டிலிருந்து செருப்பில்லாமல் போனாராம். அண்ணனுக்கென்று தூக்குப் பாத்திரத்தில் இட்டிலி கொண்டுபோனாராம். மாலையில் கோயில் வாசலில் அதை யாரிடமோ கொடுத்துவிட்டு உள்ளே போனாராம். பேத்தி விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினாள். இடையில் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, அன்றைக்குச் சந்திப்பில் காத்திருந்தவர்களுக்குச் செய்தியை யார் சொல்லியிருப்பார்கள்? ஸ்டேஷன் மாஸ்டரா?"

முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம் வாய்வரை வந்தது. "எனக்குத் தெரியாது, அம்மா" என்றேன். "அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் பொன்மலையில் இருக்கிறார். தொண்ணூறுக்கு மேல் ஆகிறது. நாளைக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன்."

"மழை பெய்ததா?"

"பெய்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா குடை இல்லாமல் போனார்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.